ஒரே சுவர்

நிலம் வாங்க வருகிறவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், வண்டி போக வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேபி பார்த்தது ஒரு சாவு வீட்டை.

பேபி என்றதும் யாரும் தொட்டிலைத் தேட வேண்டாம். பேர் வைத்தவர்களுக்கு அந்தப் பிள்ளைக்கும் ஒருநாள் ஐம்பத்தேழு வயதாகும் என்ற யோசனை வரவில்லை, அவ்வளவுதான். கோவில்பட்டியில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, நடத்திய ராஜமணியின் மனைவி. கொரோனா இரண்டாம் அலையில் ராஜமணியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்து, அங்கேயே எரித்தும் விட்டார்கள். ஒரே மகன் ஹரிஹரசுதன் அதே காய்ச்சலோடு கோயம்புத்தூரில் படுத்துக் கிடந்தான். கோவில்பட்டி வீட்டு வாசலில் நகராட்சிக்காரர்கள் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்துக்கு உள்ளே பேபி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

போன் விடாமல் அடித்தது. கும்பிடுகிற கைப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. அவள் அழாமல் இல்லை. ஆனால் வாய்விட்டு அழுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியோடு நெற்றி முட்டி, 'போய்ட்டாரே' என்று சொல்ல ஓர் ஆள். அது கிடைக்காததால் அந்த அழுகை நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. தகரத்தைப் பிரித்த பிறகு வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், ஆக்சிஜன் விலையைப் பேசினார்கள், போனார்கள்.

அடுத்த வருஷம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் புதூர் பக்கம் பஸ்ஸில் போனாள். வழியில் வாகையூரணி என்ற ஊரில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது, யாரோ செத்துப்போன கேதம். பஸ்ஸிலிருந்து ஒரு பொம்பிளை இறங்கி, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை விரித்தார்கள். அவள் அந்தக் கைகளுக்குள் விழுந்ததும் எழுந்த சத்தத்தில் பேபிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறங்கிப் போனவள் செத்தவருக்கு என்ன உறவு என்று பேபி கண்டக்டரிடம் கேட்டாள். உறவென்ன உறவு, வந்தால் அழ வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு அவர் விசிலை ஊதினார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அழுதால் இந்த ஊரில் அழ வேண்டும், செத்தால் இந்த ஊரில் சாக வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கையில் காசுள்ள பைத்தியத்தை யார் தடுக்க முடியும்? தீப்பெட்டி ஆபீசை விற்ற பணம் பாங்கில் கிடந்தது. லிங்கராஜ் என்ற புரோக்கரைப் பிடித்தாள்.

லிங்கராஜ் அவளை மாசி மாதத்தில் கூட்டிப்போனான். அறுவடை முடிந்து கரிசல் காடு வாய் பிளந்து கிடந்தது. வெடிப்புக்குள் ஆட்டுக்காரன் கம்பு விழுந்தால் எடுக்க முடியாது. ஊருக்குள் ஒரு ஓட்டு வீடு, ஊருக்கு வடக்கே மூன்று ஏக்கர் காடு. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. குடிக்கிற தண்ணீர் குடம் இத்தனை ரூபாய் என்று வண்டியில் வரும், மற்றதற்குத் தெருக்குழாயின் உப்புத் தண்ணீர். இதையெல்லாம் சொன்னால் கிராக்கி ஓடிவிடும் என்று லிங்கராஜ் மென்று முழுங்கினான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா? இருக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்றான். குறையைச் சொல்கிறவன் மாதிரி தயங்கித்தான் சொன்னான். பேபி உடனே முன்பணம் கொடுத்துவிட்டாள்.

ஹரிஹரசுதன் போனில் கத்தினான். கோயம்புத்தூர் பிளாட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறை இருக்கும்போது பொட்டல் காட்டில் என்ன வேலை என்று கேட்டான். அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். எதிர் வீட்டுக் கதவில் இருந்த பேர் மட்டும்தான் அவளுக்குத் தெரியும், ஆளைப் பார்த்ததில்லை.

ஊருக்கோ வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. கோவில்பட்டிப் பணக்காரி ஒருத்தி தனியாக வந்து இங்கே குடியிருக்கப் போகிறாளாம். யார் நம்புவார்கள்? சுற்றுவட்டாரத்தில் சோலார்க் கம்பெனிகள் ஏக்கர் ஏக்கராக வளைத்துக்கொண்டிருந்தன. நேரே வந்தால் விலை ஏறும் என்று யாராவது ஒருத்தரை முன்னால் விட்டு வாங்குவது வழக்கம். இவளும் அப்படி ஒரு கம்பெனி அனுப்பிய ஆள்தான் என்று ஊர் தீர்மானித்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை கொடுத்தார்கள். குழாயடிக்கு அவள் போனால் வரிசை விலகி வழிவிட்டது. மரியாதையை மாதிரி ஆளைத் தள்ளி வைக்கிற காரியம் உலகத்தில் வேறில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வந்ததும் வாசலுக்குக் கிரில் கேட் போட்டு பூட்டுத் தொங்கவிட்டாள். தரைக்கு டைல்ஸ் பதித்தாள். கோவில்பட்டியில் வீடு என்றால் அப்படித்தான். பிறகு புத்தி வந்து பூட்டை எடுத்தாள், கேட்டையும் மல்லாக்கத் திறந்து வைத்தாள். தெருப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கி விளையாடினார்கள். ஆனால் பளபளத்த அந்தத் தரையில் கால் வைக்க யாரும் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி குடும்பம். அவள் புருஷன் சுடலைக்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருவான். வயசுக்கு வந்த மகள் சுடலைச்செல்வி, சின்னது ஒரு பையன், மாமனார் சுடலைக்கண்ணு. அந்த வீட்டில் உலை கொதிப்பது இவளுக்குக் கேட்கும். அம்மியில் மிளகாய் உருளுவது கேட்கும். பையனை அடிப்பதும், அடித்த பிறகு கொஞ்சுவதும் கேட்கும். பேபி தட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். தனியாகச் சாப்பிடவில்லை என்று மனதுக்கு ஒரு சமாதானம்.

சுடலைக்கண்ணுதான் அவளுடைய மூன்று ஏக்கரையும் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குப் பார்த்தார். எழுபது தாண்டிய மனிதர். காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு போகும்போது கேட்டுக்கு நேரே வந்ததும், நிற்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்ன தாயி, காப்பி குடிச்சாச்சா?" என்பார். "ஆச்சு" என்பாள் பேபி. அதற்குள் ஆடு நாலு வீடு தாண்டியிருக்கும். பல நாட்களில் அவள் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை அந்த 'ஆச்சு'தான். அவர் வரும் நேரத்துக்கு முன்பே தலை சீவி, பொட்டு வைக்காத நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்றுவிடுவாள்.

வைகாசியில் சுடலைச்செல்விக்குச் சடங்கு வைத்தார்கள். சந்தனமாரியும் இரண்டு பெண்களும் தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். பேபி புதுச் சேலை உடுத்திக் காத்திருந்தாள். தட்டு அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே வஞ்சகம் எதுவும் இல்லை. அழைத்தால் அவ்வளவு பெரிய வீட்டுக்காரம்மாவை எங்கே உட்கார வைப்பது, எதில் போட்டுக் கொடுப்பது என்ற கூச்சம். பேபிக்கு அது எப்படித் தெரியும்? மறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஒரே சுவராக இருந்துகொண்டு அழைப்புக்குக் காத்திருப்பது வீண் கௌரவம்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு தானாகவே போனாள்.

பந்தலில் எல்லோரும் சமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க, இவளுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. குளிர்ந்த கலர் பாட்டில் ஒன்று கைக்கு வந்தது. நாற்காலியைச் சுற்றிப் பேச்சு நின்றுபோனது. சந்தனமாரி முகம் சிவந்து, அழைக்காத குற்றத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கொலுசை இரண்டு கையாலும் வாங்கினாள். பின்னால் யாரோ ஒருத்தி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"கூப்புடாம வந்துட்டாவளே."

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள். இனிச் செத்தாலும் அழைக்காத இடத்துக்குப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது.

புரட்டாசியில் முதல் மழை விழுந்தது. சுடலைக்கண்ணு அவள் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் விதைத்தார். முளை வந்த வாரத்தில் ஒருநாள் விடியும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி வீறிட்டாள். பேபி எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை. 'மாமா, மாமா' என்ற வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. காப்பி குடிச்சாச்சா என்று கேட்கும் மனிதர் போய்விட்டார்.

குளித்துப் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யாராவது ஒருவர் வந்து, 'பெரியவர் தவறிட்டார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடிவிடுவாள். தெரு நிறைய ஆள் போனார்கள். பந்தல்காரன் போனான், கொட்டுக்காரர்கள் போனார்கள், மாலையோடு வெளியூர் ஆட்கள் போனார்கள். கேட்டுக்கு நேரே வந்ததும் ஒவ்வொருத்தரும் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். என்னை ஏன் பார்க்கிறார்கள், என்னிடம் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. எழுந்து வாசல்வரை போவாள். அந்த நாற்காலியும் கலர் பாட்டிலும் நினைவுக்கு வரும். திரும்பி வந்து உட்காருவாள்.

வெயில் ஏறியதும் அவளுக்கு அந்தச் சின்னப் பையன் நினைப்பு வந்தது. சுடலைக்குமார் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தால்தான் எடுப்பார்கள். அதுவரை பிள்ளைகள் பச்சைத் தண்ணீரோடு கிடக்கும். கோவில்பட்டியில் சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் ஹோட்டலில் சொல்லி இட்லி அனுப்புவார்கள். போய் நிற்கத்தான் அழைப்பு வேண்டும், சாப்பாடு கொடுக்க என்ன வேண்டும்? பேபி எழுந்தாள். பெரிய குக்கரை இறக்கி அரிசி போட்டாள். உருளைக்கிழங்கு வேகவைத்தாள். குழம்புக்குத் துவரம்பருப்பு போட்டாள். அந்த வீட்டுக்காகத் தன் கை ஒரு வேலை செய்கிறது என்பதில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் கொஞ்சம் குறைந்தது.

முதல் விசில் வந்தபோது பக்கத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. பாடுகிறவள் மாறுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாவது விசிலுக்குக் கொட்டும் நின்றிருந்தது. மூன்றாவது விசில் முடிந்து நீராவி இறங்குகிற வரை சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் குழாயடியில் குளித்துவிட்டு வந்தார்கள். மேலத்தெருவிலிருந்து யாரோ சோற்றுப் பானையும் குழம்பும் கொண்டுவந்து இறக்கினார்கள். இப்போது போகலாம் என்று பேபி பெரிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். சந்தனமாரி ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். வாளியைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். கோபமாகக் கத்தியிருந்தால் தேவலை. அழுது ஓய்ந்த குரலில் நிதானமாகச் சொன்னாள்.

"எங்க மாமா உள்ள கிடக்காவ. உங்க வீட்டுல குக்கரு கத்துது. பொணம் எடுக்க முன்ன இந்தத் தெருவுல ஒரு அடுப்புப் பத்தல. கைப்பிள்ளைக்குப் பால் காய்ச்சக்கூட கீழத்தெருவுக்குத்தான் போனாவ."

பேபி வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "யாரும் வந்து சொல்லலியேம்மா" என்றாள்.

"வெளியூருக்குத்தான் சொல்லிவிடணும். ஒரே சுவருக்கு என்னத்தச் சொல்ல? உங்க வாசலத்தான் நாங்க காலையிலருந்து பாத்துக்கிட்டு இருந்தோம்."

நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும். இது தெரியாத பிள்ளை அந்தக் கரிசலில் கிடையாது. பேபிக்கும் ஒருகாலத்தில் தெரிந்ததுதான். கோவில்பட்டியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த வருஷங்களில் அது எங்கேயோ போய்விட்டது. அழைக்காத நல்லதுக்குப் போனாள். அழைக்கக் கூடாத கெட்டதுக்கு அழைப்பை எதிர்பார்த்து வீட்டில் இருந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

அந்தச் சோறு முழுவதையும் மறுநாள் நாய்க்குப் போட்டாள். நாய்களும் பாதியைத்தான் தின்றன.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் குக்கர் வைக்கவில்லை. சத்தமில்லாமல் பானையில் வடித்தாள். சுவர் ஓரமாகத் தட்டை வைத்துச் சாப்பிடுவதையும் விட்டாள். அந்தப் பக்கம் உலை கொதிக்கும்போது இவளுக்குக் குற்றம் செய்தவள் மாதிரி இருந்தது. காலையில் ஆடுகளைச் சந்தனமாரி பத்திக்கொண்டு போனாள். கேட்டுக்கு நேரே வரும்போது ஆட்டைப் பார்த்து அதட்டுவாள். சில நாள் முழுக்க வாயே திறக்காமல் பொழுது போய்விடும். ஒருநாள் பால்காரர் ஏதோ கேட்டபோது பேபிக்குத் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. இருமிச் சரிசெய்துகொண்டுதான் பேச வேண்டியிருந்தது. அதில் அவள் மிகவும் பயந்துபோனாள். இங்கே செத்தாலும் தகரத்துக்குள்ளே செத்த மாதிரிதான் என்று தோன்றியது.

போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் எந்த வாசலுக்கு எப்போது போகலாம் என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி லிங்கராஜ் வந்து சேர்ந்தான். தனியாக எத்தனை நாளைக்கு இப்படிக் கஷ்டப்படுவீர்கள் என்று வருத்தப்பட்டான். வடக்கே சோலார் வருகிறது, காட்டையும் வீட்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள், வீட்டை வாட்ச்மேன் தங்கவும் சாமான் போடவும் வைத்துக்கொள்வார்கள் என்றான். ஊர் அவளைப் பற்றி முதலில் பேசியது கடைசியில் உண்மையாகிவிடும் போலிருந்தது. ஹரிஹரசுதன் ஒரே பேச்சில் சரி என்றான். பேபியும் சரி என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு மூன்று தடவை வாசல்வரை போனாள். கார் வந்து போகிறது, ஆட்கள் வந்து அளக்கிறார்கள், சந்தனமாரி வீட்டில் தாங்களாக ஏன் என்ன என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் விளாத்திகுளம் பத்திர ஆபீசில் கையெழுத்து முடிந்தது. இரண்டு நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. ஹரிஹரசுதன் மெயின் ரோட்டில் ஊர் விலக்கிலேயே காரை நிறுத்திவிட்டான். உள்ளே போனால் டயர் புதைந்துவிடும். வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாகவும், அதற்குள் சாமானைக் கட்டி வைக்கும்படியும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பேபி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மண் காலில் ஒட்டி அடிக்கு அடி கனம் ஏறியது.

ஊருக்குள் நுழைந்தபோது மேலத்தெருப் பக்கம் அழுகைச் சத்தம். டீக்கடை சாத்தியிருந்தது. எதிரே வந்த ஆள் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு போனதில் செய்தி தெரிந்தது: ஜானகியம்மாள் போய்விட்டாள். தெலுங்கு பேசுகிற வீடு. தெருக்கோடியில் இருக்கிற கிழவி. பேபி அவளைத் தண்ணீர் வண்டி வந்தபோது ஒரு தடவை வரிசையில் பார்த்திருக்கிறாள். முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை.

வீட்டுத் திண்ணையில் கைப்பையையும் செருப்பையும் போட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு காப்பிக்குக் கேட்டது. அடுப்புப் பக்கம் போகவில்லை. காலைக்கூடக் கழுவாமல் மேலத்தெருவைப் பார்த்து நடந்தாள். இனிமேல் இந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தால் என்ன என்ற தைரியம் ஒன்று. அதைவிட, கையெழுத்துப் போட்டு முடிந்த இந்தக் கடைசி வேளையிலாவது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவோம் என்று இருந்தது.

பந்தலுக்குள் தார்ப்பாயில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நாற்காலி எடுக்க எழுந்திருக்கவில்லை. கிழவியின் மகள், தலைவிரிகோலமாக நடுவில் இருந்தவள், இவளை ஏறிட்டுப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, இரண்டு கையையும் விரித்தாள்.

பேபி மண் காலோடு போய் அந்தக் கைகளுக்குள் விழுந்தாள். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டன. என்ன சொல்லி அழுவது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்தது தானாகவே வெளியே வந்தது.

"ஒத்த ஆளு வரலியே… மூஞ்சியக்கூடக் காட்டலியே…"

ஊரே கூடியிருக்கிற வீட்டில், முகம் திறந்து படுத்திருக்கிற கிழவிக்கு முன்னால், பொருத்தமில்லாத ஒப்பாரி. ஒருத்தியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எந்தச் சாவு வீட்டிலும் அவரவர் தங்கள் பிணத்துக்குத்தான் அழுகிறார்கள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவள் அந்த வரியை அப்படியே வாங்கி ராகம் போட்டாள். இன்னொருத்தி தன் தகப்பனைச் சேர்த்துக்கொண்டாள். ராஜமணிக்கு அன்றைக்குத்தான் ஒப்பாரி வைத்தார்கள். பேபி மூச்சு முட்டுகிற வரை அழுதாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது; அது யாருடைய கை என்று திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை.

பிற்பகலில் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். பேபி கூட்டத்திலிருந்து விலகித் தன் வீட்டுக்குத் திரும்பினாள். குழாயடியில் சந்தனமாரி குடத்தோடு நின்றாள்.

"யக்கா, அப்படியே வீட்டுல ஏறிராதீங்க. தீட்டு. இங்கன வந்து தலைக்கு ஊத்திட்டுப் போங்க."

பேபி போய்க் கல்லில் உட்கார்ந்தாள். சந்தனமாரி ஒரு குடம் நிரப்பித் தலையில் ஊற்றினாள். மார்கழிக் குளிரில் உப்புத் தண்ணீர் உடம்பை வெட்டியது. கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள் குளித்துக்கொண்டும் தலை துவட்டிக்கொண்டும் எந்தப் பஸ்ஸில் யார் வந்தார்கள் என்று பேசிக்கொண்டும் இருந்தார்கள். பேபிக்காக யாரும் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது சந்தனமாரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பதினாறுக்குச் சமையலுக்கு நம்ம தெருதான் போகணும். காய் நறுக்க நீங்க என்கூட வாங்க."

தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்ததால் பேபி அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

"வீட்ட எழுதிக் குடுத்துட்டேன், சந்தனமாரி."

குடம் பாதியில் நின்றது. "எப்பம்?"

"இன்னைக்குக் காலையில. வெள்ளிக்கிழமை போறேன்."

சந்தனமாரி யாருக்கு என்று கேட்கவில்லை. அளக்க வந்தவர்களை அவளும் பார்த்திருப்பாள். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைப் பேபியின் காலில் ஊற்றி, கணுக்காலில் காய்ந்துபோயிருந்த மண்ணைக் குனிந்து கையாலேயே தேய்த்தாள். பேபி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவள் விடவில்லை. இரண்டு காலும் சுத்தமான பிறகு நிமிர்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க போன் நம்பரு சொல்லுங்க யக்கா. நல்லது கெட்டதுன்னா சொல்லிவிடணும்லா."

ஒரு வருஷத்துக்குப் பக்கமாக ஒரே சுவரில் இருந்தவர்களுக்கு இந்த நம்பர் தேவைப்பட்டதில்லை. வெளியூர்க்காரர்களுக்குத்தான் நம்பர். பேபிக்கு அது அப்போதுதான் உறைத்தது. நம்பரைச் சொன்னாள். சந்தனமாரி கையில் அப்போது போனும் இல்லை, எழுத எதுவும் இல்லை. வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். கடைசி மூன்று எண்ணில் சந்தேகம் வந்து மறுபடியும் கேட்டாள். பேபி மறுபடியும் சொன்னாள்.